ஐந்து அம்புக்குறிகள்: அறிவியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதிய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு 26 ஆண்டுகள் வகுப்பில் நின்றவள் நான். சிறு வகுப்புகளுக்கு அறிவியல் ஆசிரியை. புலன் உறுப்புகள் பற்றிய பாடத்தை ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன். 'நாம் எந்த உறுப்பால் கேட்கிறோம்?' என்பது கேள்வி. 'காதாலும் கண்ணாலும்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் 'கண்ணாலும்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டேன். அவள் இரண்டு காதுகளிலும் கேட்புக் கருவி அணிந்தவள். முதல் வரிசையில், என் முகம் நேராகத் தெரியும் இடத்தில் உட்காருவாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் எழுதுவதை நிறுத்திவிட்டு, நான் மறுபடி திரும்பும்வரை காத்திருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அடித்தேன். பாடத்தில் 'கேட்டல் - காது' என்றுதான் இருந்தது. விடைத்தாளை வாங்கிப் பார்த்த அவள் அழவில்லை, வாதாடவில்லை. "நீங்கள் திரும்பி நின்றால் எனக்குக் கேட்காதே, டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முழு வாதம் இருந்ததை நான் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். உணர்த்தியவர் ஒரு தத்துவவாதி. கேசி ஓகாலஹன் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். மனம் புலன்களை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்பதைப் பற்றிய அவருடைய விரிவான நூலை 2019-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அதில் அவர் சொல்வதை என் சொற்களில் உங்கள் முன் வைக்கிறேன். குழந்தைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் செய்தி எந்த இடத்தில் தவறுகிறது என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் உங்கள் பாடத்தில் வரும் படத்தை நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு தலை. கண், காது, மூக்கு, நாக்கு, தோல். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்புக்குறி மூளைக்குள் செல்கிறது. ஒவ்வோர் அம்பும் தனக்கென்று வண்ணம் தீட்டிய ஒரு திட்டில் போய் முடிகிறது. ஐந்து அம்புகள், ஐந்து திட்டுகள். ஓர் அம்பு இன்னொன்றைத் தொடுவதே இல்லை. படத்துக்குக் கீழே 'பொருத்துக' பயிற்சி: இடப்பக்கம் ஐந்து உறுப்புகள், வலப்பக்கம் ஐந்து செயல்கள், ஒன்றுக்கு ஒன்று.

இது பொய் என்று நான் சொல்லவில்லை. விழித்திரைக்கு ஒளிதான் வேண்டும். காற்றின் அதிர்வை அதனால் உணர முடியாது. செவிப்பறைக்கு வண்ணம் தெரியாது. வாயில்கள் வேறு வேறு என்பது உண்மை. ஆனால் பாடம் அந்த வாயில்களிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் வாயில்கள் தனித்தனியாக இருப்பதைப் போல உள்ளேயும் ஐந்து தனி அறைகள் இருக்கின்றன என்று குழந்தை தானாகவே முடிவு செய்துகொள்கிறது. நானும் வளர்ந்த பிறகுகூட அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தத்துவவாதிகளும் நெடுங்காலம் ஏறக்குறைய இதே வழியில்தான் போனார்கள். புலனறிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பார்வையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்கள். பார்வையை விளக்கிவிட்டால் மற்றவை தாமாகப் பின்தொடரும் என்ற எண்ணம். ஓகாலஹன் வேறு முனையிலிருந்து புறப்பட்டார். அவருடைய முதல் நூல் ஒலியைப் பற்றியது, 2007-இல் வெளிவந்தது. கண்ணை விட்டுவிட்டுக் காதிலிருந்து தொடங்கியவருக்கு அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. பார்த்ததை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதுகிறோம். கேட்டதை ஒரு பட்டியல், தொட்டதை ஒரு பட்டியல் என்று ஐந்தையும் எழுதிக் கூட்டினால், நம் அனுபவம் முழுவதும் அதில் அடங்கிவிடுமா? அடங்கிவிடும் என்பது பழைய நம்பிக்கை. அடங்காது, மிச்சம் இருக்கிறது என்பது அவர் வாதம். அந்த மிச்சத்தைத்தான் நம் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன.

அவர் வாதத்துக்குப் பின்னணியாக நிற்கும் சோதனைகளில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். எழுத்துகளின் பிறப்பைக் கற்ற தமிழ் வாசகர்களுக்கு அது மிக எளிதாகப் புரியும். 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. ஒருவர் 'காகா' என்று சொல்லும் முகத்தின் படக்காட்சியை எடுத்து, அதன் ஒலியை நீக்கிவிட்டு, 'பாபா' என்று சொல்லும் ஒலியைச் சேர்த்தார்கள். (இந்த இரண்டு அசைகளையும், அடுத்து வரும் 'டாடா'வையும் வடமொழிச் சொற்களில் ஒலிப்பதுபோல அழுத்தித் தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள்.) அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் 'பாபா' என்று கேட்கவில்லை; 'காகா' என்றும் கேட்கவில்லை. 'டாடா' என்று கேட்டார்கள். கண்ணை மூடச் சொன்னால் உடனே 'பாபா'. திறந்தால் மறுபடி 'டாடா'.

ஏன் 'டாடா'? ப பிறப்பதற்கு இரண்டு இதழ்களும் ஒட்ட வேண்டும். முகத்தில் இதழ்கள் ஒட்டவே இல்லை; அதனால் ப இருக்க முடியாது என்கிறது கண். க பிறப்பது நாவின் அடியில். காதில் விழுந்த ஒலியோ அதற்குப் பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவில், நாவின் நுனி மேலே தொட்டுப் பிறக்கும் ஓர் ஒலி இரு தரப்புக்கும் ஓரளவு ஒத்துப்போகிறது. மனம் அதை எடுத்துக்கொள்கிறது. இதில் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது, இது ஊகமாக நமக்குத் தெரிவதில்லை என்பதுதான். 'டாடாவாக இருக்கலாம்' என்று யாரும் சொல்வதில்லை. 'டாடா' தெளிவாகக் காதில் விழுகிறது. சூழ்ச்சி என்ன என்று முன்பே தெரிந்தவர்களுக்கும் அப்படியே விழுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆனால் இந்த மயக்கம் ஏற்படுகிறவர்களுக்கு அது முயன்று தவிர்க்கக்கூடிய ஒன்று அல்ல.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். ஒரே ஒரு முறை ஒளியை மின்னவிட்டு, அதே கணத்தில் இரண்டு முறை 'பீப்' ஒலியை எழுப்பினால், ஒளி இரண்டு முறை மின்னியதாகக் கண் சொல்கிறது. லதன் ஷாம்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் இதைக் காட்டினார்கள். தோலும் விலக்கு இல்லை. உள்ளங்கைகளைத் தேய்க்கும் ஒலியைப் பிடித்து, அதன் கீச்சொலிப் பகுதியை மட்டும் கூட்டித் தேய்ப்பவரின் காதிலேயே கேட்கவைத்தால், தம் தோல் காகிதம்போல உலர்ந்துவிட்டதாக அவர் உணர்கிறார். இது 1998-இல் பின்லாந்தில் நடந்த ஆய்வு.

இத்தனையையும் கேட்ட பிறகும் ஒருவர் சொல்லலாம்: சரி, ஒரு புலன் இன்னொன்றைச் சற்றே இழுத்துவிடுகிறது, அவ்வளவுதானே? முடிவில் 'டாடா' என்பது காதில்தானே கேட்கிறது? அறைகள் ஐந்துதான், சுவர்கள் கொஞ்சம் மெல்லியவை என்று திருத்திக்கொண்டால் போதாதா? ஓகாலஹனிடம் எனக்குப் பிடித்த குணம், இந்த மறுப்பை அவர் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வது. மயக்கங்கள் மட்டும் போதாது என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். ஒரு புலன் இன்னொன்றின் மீது செல்வாக்குச் செலுத்துவது ஒன்று. புலன்கள் சேர்ந்தால் மட்டுமே உணரக்கூடிய ஒன்று இருப்பது வேறு. அவர் நிறுவ முயல்வது இரண்டாவதை.

நான் இதை எனக்கே விளங்கவைத்துக்கொண்ட வழியைச் சொல்கிறேன். உங்கள் எதிரில் ஒருவர் கை தட்டுகிறார். இரண்டு கைகள் சேர்வதைப் பார்க்கிறீர்கள். ஓர் ஒலியைக் கேட்கிறீர்கள். பிறகு, இந்த ஒலி அந்தக் கைகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறீர்களா? இல்லை. நீங்கள் உணர்வது கைதட்டல் என்ற ஒரே நிகழ்ச்சியை. கண்ணில் தெரிந்ததும் காதில் விழுந்ததும் ஒன்றே என்பது அந்த உணர்விலேயே இருக்கிறது. இப்போது மின்னலையும் இடியையும் எண்ணிப் பாருங்கள். அவையும் ஒரே நிகழ்ச்சிதான். ஆனால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்த மின்னலின் இடி வந்து சேர மூன்று நொடி ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்று என்று நமக்குத் தெரியும், படித்திருக்கிறோம். ஆனால் ஒன்றாக நாம் உணர்வதில்லை. கைதட்டலுக்கும் இடிமின்னலுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு கண்ணில் மட்டும் இருக்கிறதா? காதில் மட்டும் இருக்கிறதா? இரண்டு பட்டியல்களிலும் தேடுங்கள், கிடைக்காது. மிச்சம் என்று அவர் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று தாளம். ஒரு தாளத்தின் அடிகளைப் பிரித்து, சிலவற்றைக் காதில் ஒலியாகவும் மற்றவற்றை விரல்நுனியில் தட்டலாகவும் தரலாம். காதுக்கு வந்ததை மட்டும் எடுத்தால் அது தாளமாக நிற்காது. விரலுக்கு வந்ததும் அப்படியே. இரண்டும் ஒருசேர வரும்போது மனம் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தாளம் எந்த உறுப்புக்கு உரியது? உங்கள் 'பொருத்துக' பயிற்சியில் அதை எதனோடு சேர்த்துக் கோடு போடுவது? சுவைக்கும் இதே கதைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிட்டாயை வாயில் போட்டால் இனிப்பும் புளிப்பும்தான் தெரியும். என்ன பழத்தின் மிட்டாய் என்று சொல்ல முடியாது. மூக்கை விட்டவுடன் பழம் வந்துவிடும், அதுவும் நாவின் மீது வந்ததாகவே தோன்றும். தொண்டைக்குப் பின்னால் ஏறிச் சென்ற மணம் அது. 'சுவை - நாக்கு' என்று நாம் போடும் கோடு பாதிக் கோடுதான்.

ஓகாலஹன் சொல்வதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று உங்களிடம் சொன்னால் அது நேர்மை ஆகாது. பல்புலன் ஆய்வில் பெரும் பெயர் பெற்ற சார்லஸ் ஸ்பென்ஸும் டிம் பெய்ன் என்ற தத்துவவாதியும் 2015-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஐயம் எழுப்பினார்கள். நம் விழிப்புணர்வு ஒரு புலனிலிருந்து இன்னொன்றுக்கு மிக விரைவாகத் தாவிக்கொண்டிருக்கலாம்; அந்த வேகமே எல்லாம் ஒருசேர நடப்பதுபோன்ற தோற்றத்தைத் தரலாம் என்பது அவர்கள் முன்வைத்த வாய்ப்பு. இதைப் படித்தபோது பழைய இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான நியாய தரிசனம் என் நினைவுக்கு வந்தது. மனம் என்று ஒன்று இருப்பதற்கு அடையாளமாக அதன் மூல நூலான நியாய சூத்திரம் காட்டுவது, பல அறிவுகள் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை என்பதை. மனம் ஒரு கணத்தில் ஓர் இந்திரியத்தோடுதான் சேரும் என்பது அந்த மரபின் கொள்கை. அதே நூல் இன்னோர் இடத்தில், கண்ணால் கண்ட அதே பொருளைத் தொட்டும் அறிகிறோமே, அந்த 'அதே' என்பதை அறிவது கண்ணும் அல்ல தோலும் அல்ல என்று வாதிட்டு, ஆன்மா உண்டு என்ற முடிவுக்குப் போகிறது. அரிஸ்டாட்டிலும் இதே வாசலில் நின்றவர்தான். வெண்மை வேறு இனிப்பு வேறு என்று சொல்வது எது? கண்ணுக்கு இனிப்புத் தெரியாது, நாவுக்கு வெண்மை தெரியாது என்று அவர் கேட்டார். கேள்வி அவ்வளவு பழையது. இன்றும் உயிரோடு இருப்பது. அதைப் பாடநூலில் முடிந்துபோன விஷயம்போல ஐந்து வரிகளில் மூடிவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

நம் மொழியில் இதற்கு ஓர் அழகான முன்னோடி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது என்பதை நீங்களே பாடங்களில் சேர்த்திருக்கிறீர்கள். தொடுவுணர்வில் தொடங்கி நா, மூக்கு, கண், செவி, மனம் என்று அது ஏறிப்போகும் வரிசையும் உங்களுக்குத் தெரியும். நான் பார்க்கச் சொல்வது அந்த நூற்பாவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லை: 'அவற்றொடு'. அவற்றொடு மூக்கு, அவற்றொடு கண், அவற்றொடு செவி, அவற்றொடு மனம். தொல்காப்பியர் இன்றைய ஆய்வை அன்றே சொல்லிவிட்டார் என்று நான் வாதிட வரவில்லை. அப்படிப்பட்ட பேச்சு அவருக்கும் நல்லதல்ல, ஆய்வுக்கும் நல்லதல்ல. ஆனால் புலன்களை எண்ணும்போது 'கண், காது, மூக்கு' என்று காற்புள்ளி போட்டு எண்ணுவதற்கும், 'அவற்றொடு' என்று சேர்த்து எண்ணுவதற்கும் வேறுபாடு உண்டு. பாடத்தில் முதல் வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறோம்.

மனம் இப்படிச் சேர்ப்பதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. 2002-இல் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் என்ற இருவர் நடத்திய ஆய்வு இது. ஒரு மேட்டின் உயரத்தைப் பார்த்தும் தொட்டும் ஒரே நேரத்தில் மதிப்பிடச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியும் காட்சியை மட்டும் படிப்படியாகக் கலங்கலாக்கினார்கள். காட்சி தெளிவாக இருந்தவரை கண் சொன்னதே பெரும்பாலும் எடுபட்டது. கலங்கக் கலங்க, விரல் சொன்னதற்கு எடை கூடிக்கொண்டே போனது. எந்தச் சாட்சி நம்பத்தக்கதோ அதற்கு அதிக மதிப்புக் கொடுத்து, இரண்டு சாட்சியங்களையும் சேர்த்து, தனித்தனியாகக் கிடைப்பதைவிடத் துல்லியமான ஒரு முடிவை மனம் எட்டுகிறது. அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, புள்ளியியல் தரும் மிகச் சிறந்த வழிக்கு அது மிக நெருக்கமாக இருந்தது. யாரும் சொல்லித் தராமல், நாம் அறியாமலே, ஒவ்வொரு கணமும் நமக்குள் நடக்கும் கணக்கு இது.

இதைப் படித்த அன்று அந்த மாணவியை நினைத்தேன். அவளுடைய காது கலங்கலான சாட்சி. அதனால் அவள் மனம் கண்ணுக்கு எடை கூட்டியிருந்தது. நான் தவறு என்று அடித்த இடத்தில் அவள் மனம் செய்துகொண்டிருந்தது மிகச் சரியான செயல். அது அவளுக்கு மட்டும் உரியதும் அல்ல. இரைச்சலுக்கு நடுவே பேசுகிறவரின் முகம் தெரிந்தால் பேச்சு நன்றாகப் புரிகிறது, இரைச்சல் கூடக்கூட முகத்தின் உதவியும் கூடுகிறது என்பதை சம்பி, பொலாக் என்ற இருவர் 1954-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். 1997-இல் ஜெம்மா கால்வர்ட் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். ஒலியே இல்லாமல் உதட்டசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மூளையில், கேட்டலுக்கு உரிய பகுதி வேலை செய்வதைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு நல்ல காதுகள்தான். உங்கள் படத்தில் காதுக்கென்று வண்ணம் தீட்டிய அந்தத் திட்டுக்குள் கண்ணிலிருந்தும் செய்தி போகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே முகக்கவசம் அணிந்தபோது, காது நன்றாகக் கேட்கும் எத்தனை பேர் 'என்ன சொன்னீர்கள்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டோம்! ஒலி மங்கியது ஒரு காரணம். வாய் மறைந்துபோனது இன்னொரு காரணம். அதுவரை நாமெல்லோரும் கண்ணாலும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சிறுமிக்கு அது எட்டு வயதிலேயே தெரிந்திருந்தது.

இந்தச் சேர்க்கை பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதும் இல்லை. 1688-இல் வில்லியம் மாலினூ என்பவர் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதிக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர், கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார். அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? மாலினூவின் மனைவி திருமணமான சிறிது காலத்திலேயே பார்வையை இழந்தவர். அதனால் இந்தக் கேள்வியை வெறும் அறிவு விளையாட்டாக என்னால் படிக்க முடிந்ததே இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2011-இல் ஒரு விடை வந்தது. இந்தியாவில் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் வழியாகப் பார்வைச் சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைச் சோதித்தார்கள். கண்கட்டு அவிழ்ந்த உடனே, தொட்டறிந்த பொருளைப் பார்த்து அடையாளம் காண அவர்களால் முடியவில்லை. ஏறக்குறைய குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் சில நாட்களிலேயே, யாரும் தனிப் பயிற்சி தராமலே, அந்தத் திறன் வந்துவிட்டது. கண்ணுக்கும் கைக்கும் இடையே பாலம் போடப்பட்டுவிட்டது. ஒரு புலன் இன்னொரு புலனைக் காலப்போக்கில் செம்மைப்படுத்துகிறது என்று ஓகாலஹன் வலியுறுத்துவதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஐந்து பேரும், அவர்களுடைய அந்தச் சில நாட்களும் என் நினைவுக்கு வருகின்றன.

சிறு குழந்தைகளுக்கு இதெல்லாம் புரியுமா என்று நீங்கள் கேட்கலாம். பாடநூல் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இது முன்பே தெரியும் என்பதே என் விடை. கைகளை விரித்துக்கொண்டு வேகமாகச் சுற்றிவிட்டுச் சட்டென்று நிற்காத குழந்தை உண்டா? நின்ற பிறகும் உலகம் சுழல்வதைப் பார்க்காத குழந்தை உண்டா? சுழல்வது உலகம் அல்ல. உள்காதின் அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி விழிகளை அசைக்கிறது. அதனால் அறை சுழல்வதாகத் தெரிகிறது. காதுக்குள் நடப்பது கண்ணில் காட்சியாகிறது. ஒவ்வொரு குழந்தையும் சிரித்துக்கொண்டே செய்து முடித்த சோதனை இது. அதற்குப் பெயர் வைப்பது மட்டுமே நம் வேலை. ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள், தடுமாறுவார்கள். நிற்பதற்குக் கண் எதற்கு என்று அவர்களே கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள், நான் செய்து பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வியிலிருந்து சமநிலை என்ற புலன் வரும். கண்ணை மூடிக்கொண்டும் மூக்கின் நுனியைத் தொட முடிகிறதே என்பதிலிருந்து உடலின் நிலையை உணரும் புலன் வரும். வெப்பமும் வலியும் வரும். ஐந்து என்ற எண்ணிக்கை மெல்லத் தளரும்.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். 'எந்த உறுப்பால்?' என்று ஒருமையில் கேட்கும் கேள்விகளை எடுத்துவிடுங்கள். 'எவற்றின் துணையால்?' என்று கேளுங்கள். ஒரு குழந்தை இரண்டு உறுப்புகளை எழுதினால் அதற்கு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் எழுதிவையுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விடைக்குறிப்பில் இல்லாததை ஆசிரியர்கள் அடித்துவிடுவார்கள். நான் அடித்தேன். ஒற்றைக்கால் சோதனையையும் மூக்கைப் பிடித்துச் சுவைக்கும் சோதனையையும் செயல்பாடுகளாகச் சேருங்கள். அவற்றுக்குச் செலவே இல்லை. ஆசிரியர் கையேட்டில் ஒரு வரி வேண்டும்: வகுப்பைப் பார்த்துப் பேசுங்கள், கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். கேட்புக் கருவி அணிந்த குழந்தை வகுப்பில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்ததாக அந்த வரி இருக்கக் கூடாது. ஓகாலஹனின் பெயரோ மெக்கர்க்கின் பெயரோ சிறு வகுப்பில் வரத் தேவையில்லை. மேல் வகுப்பில் மாலினூவின் கேள்வியை மட்டும், விடை சொல்லாமல், ஒரு பக்கத்தில் போடுங்கள். பிள்ளைகள் வாதிடட்டும்.

கடைசியாக அந்தப் படம். அடுத்த பதிப்புக்கு ஓவியரிடம் கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள். ஐந்து அம்புகளும் இருக்கட்டும். காதின் அம்பு எங்கே போகிறது என்று இப்போது போலவே காட்டட்டும். ஆனால் கண்ணிலிருந்து புறப்படும் அம்பு வழியில் ஓரிடத்தில் பிரிய வேண்டும். ஒரு கிளை காதின் திட்டுக்குள் போய் முடிய வேண்டும். உள்காதிலிருந்து ஒரு மெல்லிய கோடு விழிகளை நோக்கித் திரும்பி வர வேண்டும். மூக்கின் அம்பும் நாவின் அம்பும் ஓரிடத்தில் ஒன்றாகச் சேர வேண்டும். படம் கொஞ்சம் சிக்கலாகத் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை அதை விரலால் தொட்டுப் பின்தொடர்ந்து பார்ப்பதற்கு, கோடுகள் போதிய தடிமனில் இருந்தால் போதும்.

மிக்க மதிப்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் அறிவியல் ஆசிரியை